கொமுட்டர் நெரிசல்: பெட்டிகளோடு நிமிடங்களையும் எண்ணுவோம்

காலை ஏழு மணிக்குக் கிள்ளானிலோ ரவாங்கிலோ கொமுட்டர் ரயிலுக்குக் காத்திருக்கும் பயணியைக் கேட்டால், "கால் வைக்க இடமில்லை" என்பார். கணக்கேட்டைப் புரட்டும் ஓர் அதிகாரியைக் கேட்டால், "சராசரியாகப் பார்த்தால் ஒவ்வொரு ரயிலிலும் கால்வாசி இடம் காலியாகத்தான் இருக்கிறது" என்று சொல்லக்கூடும். இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் இருவர் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். எப்படி என்பதைச் சாதாரணக் கூட்டல் கழித்தலில் விளக்கிவிடலாம். அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால், நம் கொமுட்டர் சேவையைச் சீராக்க எங்கே கைவைக்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.

ஒரு நிலையத்திற்கு நிமிடத்திற்கு 20 பயணிகள் வருவதாக வைத்துக்கொள்வோம். அங்கிருந்து ஏறுவோருக்கு ஒவ்வொரு ரயிலிலும் 400 பேருக்கு இடம் உண்டு. கால் மணிக்கு ஒரு ரயில் என்பது அட்டவணை. ரயில்கள் சரியான இடைவெளியில் வந்தால் ஒவ்வொன்றுக்கும் 300 பேர் காத்திருப்பார்கள். எல்லாரும் ஏறலாம், 100 இடம் மிஞ்சும். ஒருவர் சராசரியாகக் காத்திருக்கும் நேரம் ஏழரை நிமிடம்.

இப்போது ஒரு ரயில் பத்து நிமிடம் தாமதமாகிறது. அடுத்தது சரியான நேரத்தில் வருகிறது. இதுவே தொடர்ந்தால் இடைவெளிகள் 25 நிமிடம், 5 நிமிடம், மறுபடி 25, மறுபடி 5 என்று அமையும். மணிக்கு நான்கு ரயில் என்ற எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் 25 நிமிட இடைவெளியில் 500 பேர் சேர்ந்துவிடுவார்கள். அவர்களில் 400 பேர் நெருக்கியடித்து ஏற, 100 பேர் நடைமேடையிலேயே நிற்பார்கள். ஐந்து நிமிடம் கழித்து வரும் ரயிலில் அந்த 100 பேரும் புதிதாக வந்த 100 பேரும் ஏறுவார்கள். அது பாதி காலியாகப் போகும்.

அதிகாரியின் கணக்கில் இரண்டு ரயிலில் 600 பேர், சராசரி 300, காலியிடம் கால்வாசி. பயணிகளின் கணக்கில் 600 பேரில் 400 பேர், அதாவது மூன்றில் இரண்டு பங்கினர், பிதுங்கி வழிந்த ரயிலில்தான் போனார்கள். ஏழரை நிமிடமாக இருந்த சராசரிக் காத்திருப்பும் பதினொரு நிமிடத்தைத் தாண்டிவிட்டது. ரயில்களும் குறையவில்லை, பயணிகளும் கூடவில்லை. இடைவெளி மட்டுமே சீர்கெட்டது.

புள்ளியியலாளர்கள் இதைக் காத்திருப்பு முரண்பாடு என்று குறிப்பிடுவார்கள். நீண்ட இடைவெளியில்தான் அதிகமானோர் வந்து சேர்கிறார்கள். ஆகவே பெரும்பாலோருக்கு வாய்ப்பது நீண்ட காத்திருப்பும் நிரம்பிய ரயிலும்தான். "நான் போகும்போது மட்டும் ஏன் எப்போதும் கூட்டம்?" என்ற கேள்விக்கு விடை ராசியில் இல்லை, இந்தக் கணக்கில் இருக்கிறது.

தாமதம் தாமதத்தைப் பெறும்

இந்தச் சீர்கேடு தானாகவே வளரக்கூடியது என்பதுதான் பெரிய சிக்கல். நான்கு நிமிடம் தாமதமாக வரும் ரயிலுக்கு, நம் எடுத்துக்காட்டின்படி, 80 பேர் கூடுதலாகக் காத்திருப்பார்கள். பத்துக் கதவுகள் இருந்தால் கதவுக்கு எட்டுப் பேர். ஒருவர் ஏற ஒரு விநாடி என்றாலும், அந்த நிலையத்தில் ரயில் எட்டு விநாடி அதிகமாக நிற்க வேண்டும். உள்ளே ஏற்கெனவே நெரிசல் இருந்தால் இறங்குபவர்கள் வழியைப் பிளந்துகொண்டு வர வேண்டும். எட்டு விநாடி பதினைந்தாகும். பத்து நிலையங்கள் தாண்டுவதற்குள் ஒன்று முதல் இரண்டரை நிமிடம் வரை தாமதம் கூடிவிடும்.

இதற்கிடையே பின்னால் வரும் ரயிலுக்குப் பயணிகள் குறைவு. அது சீக்கிரம் சீக்கிரமாகக் கிளம்பி முன்னதை நெருங்கும். இரண்டு பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்பதை எல்லாரும் பார்த்திருப்போம். தண்டவாளத்திலும் அதேதான் நடக்கிறது. ஆகவே ஐந்து நிமிடத் தாமதத்தை "ஐந்து நிமிடம்தானே" என்று தள்ளிவிட முடியாது. கிள்ளானில் விட்ட ஐந்து நிமிடம், கே.எல். சென்ட்ரல் வருவதற்குள் பல நூறு பேரின் நெரிசலாக மாறிவிடுகிறது.

ஒரே பாதையில் மூன்று வேகங்கள்

இடைவெளி ஏன் சீர்கெடுகிறது? இதற்கு நம் ரயில்பாதையின் பிறப்பையே பார்க்க வேண்டும். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் போகும் பாதை 1886-இல் திறக்கப்பட்டது. ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்லவே அது போடப்பட்டது. இந்நாட்டின் ரயில்பாதைகளில் நம் முன்னோர்களின் வியர்வை கலந்திருப்பதையும், பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரம் ரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்ததையும் இங்குள்ள தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு மீட்டர் அகலமுள்ள அதே அளவுத் தண்டவாளத்தில்தான் 1995-இல் மின்சார கொமுட்டர் ரயில் ஓடத் தொடங்கியது. 2010-இல் அதன்மேல் ஈடிஎஸ் விரைவு ரயிலும் வந்து சேர்ந்தது. சரக்கு ரயில்களும் தொடர்ந்து ஓடுகின்றன.

எல்ஆர்டி, எம்ஆர்டி பாதைகளில் எல்லா ரயில்களும் ஒரே வேகத்தில் ஓடி எல்லா நிலையங்களிலும் நிற்கும். அதனால் அவற்றைச் சில நிமிட இடைவெளியில் வரிசையாக அனுப்ப முடிகிறது. கொமுட்டருக்கு அந்த வசதி இல்லை. இதையும் ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 30 கிலோமீட்டர் தூரத்தை நில்லாமல் போகும் விரைவு ரயில் 20 நிமிடத்தில் கடக்கிறது. எல்லா நிலையங்களிலும் நிற்கும் கொமுட்டர் 40 நிமிடம் எடுக்கிறது. ஒரு திசைக்கு ஒரே தண்டவாளம். கொமுட்டர் கிளம்பியபின் விரைவு ரயில் அதை வழியில் முட்டாமல் இருக்க வேண்டுமானால், குறைந்தது 20 நிமிடம் கழித்தே அது கிளம்ப வேண்டும். அந்த 20 நிமிட வெற்றிடத்தில் நான்கு கொமுட்டர் ரயில்களை ஐந்து நிமிடத்திற்கு ஒன்றாக அனுப்பியிருக்கலாம். இல்லையென்றால் கொமுட்டரை ஏதாவது ஒரு நிலையத்தில் ஓரமாக நிறுத்தி, விரைவு ரயிலுக்கு வழிவிட வேண்டும். உள்ளே நிற்பவர்களுக்குக் காரணம் தெரியாமல் ரயில் நின்றுகொண்டே இருப்பதற்குப் பல வேளைகளில் இதுதான் காரணம்.

சரக்கு ரயிலின் கனமும் இதில் சேரும். பயணிகள் ரயிலைப்போல் அது சட்டென்று வேகமெடுக்காது, சட்டென்று நிற்கவும் செய்யாது. நிற்பதற்கு அதிகத் தூரம் தேவைப்படுவதால், முன்னும் பின்னும் அதிக இடம் விட வேண்டியிருக்கிறது.

மேலும், பத்துமலை - புலாவ் செபாங் தடமும் தஞ்சோங் மாலிம் - கிள்ளான் துறைமுகம் தடமும் புத்ரா, பேங்க் நெகாரா, கோலாலம்பூர், கே.எல். சென்ட்ரல் ஆகிய நான்கு நிலையங்களில் ஒன்றுசேர்கின்றன. புனலின் கழுத்துப்போல அமைந்த பகுதி இது. இங்கே ஒரு சமிக்ஞை பழுதானால் நான்கு திசைகளிலும் அட்டவணை குலைகிறது. செந்தூலில் நிற்பவரும் செர்டாங்கில் நிற்பவரும் ஒரே பழுதுக்கு விலை கொடுக்கிறார்கள்.

புதிய ரயில்கள் வரட்டும், ஆனால்...

2012-இல் சீனாவின் சூசோ நகரில் தயாரான 38 ஆறுபெட்டித் தொடர்கள் கொமுட்டருக்கு வந்தன. மூன்று பெட்டிகளில் நசுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய நிம்மதி என்பதை மறுக்க முடியாது. இப்போது அடுத்த சுற்று. சீனாவிலிருந்து 62 ரயில் தொடர்களை 30 ஆண்டுக் குத்தகையில், 1,070 கோடி ரிங்கிட் செலவில் பெறும் திட்டத்தைப் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் 2024-இல் அறிவித்தார்.

இதை நான் வரவேற்கிறேன். ரயில் எண்ணிக்கையைக் கூட்டாமல் சேவையை அடிக்கடி நடத்த முடியாது. ஒரு ரயில் ஒரு முனையிலிருந்து மறுமுனை சென்று திரும்பிவர நான்கு மணி நேரம், அதாவது 240 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். 20 நிமிடத்திற்கு ஒரு ரயில் விட 12 தொடர்கள் வேண்டும். பத்து நிமிடத்திற்கு ஒன்று விட 24 வேண்டும். இடைவெளியைப் பாதியாக்க, தொடர்கள் இரட்டிப்பாக வேண்டும்.

ஆனால் இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. தண்டவாளமும் சமிக்ஞையும் சீராகி, மெதுவாகப் போக வேண்டிய இடங்கள் குறைந்து, அந்த 240 நிமிடம் 200 ஆனால், பத்து நிமிடச் சேவைக்கு 20 தொடர்களே போதும். நான்கு ரயில்கள் நமக்கு இலவசமாகக் கிடைத்த மாதிரி! அவற்றுக்குக் குத்தகைப் பணமும் இல்லை, பராமரிப்பும் இல்லை. மாறாக, பயண நேரம் 280 நிமிடமாக நீண்டால், புதிதாக வாங்கியவற்றில் நான்கு ரயில்கள் தாமதத்தை ஈடுகட்டவே ஓடிக்கொண்டிருக்கும்.

வாங்கிய ரயில்களின் எண்ணிக்கையும் காலையில் பணிமனையை விட்டு வெளியே வரும் ரயில்களின் எண்ணிக்கையும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். உதிரிபாகம் இல்லாமலும் பழுதுபார்க்க ஆள் போதாமலும் நிற்கும் ரயிலில் யாரும் பயணம் செய்ய முடியாது. ஆகவே குத்தகை ஒப்பந்தத்தில் எத்தனை தொடர்கள் என்பதைவிட, ஒவ்வொரு நாளும் காலை ஆறு மணிக்கு ஓடத் தயாராக இருப்பவை எத்தனை என்பதே முக்கியமாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பாதையைச் சீரமைக்கும் பணியும் நடக்காமல் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கு இரட்டைத் தண்டவாள மறுசீரமைப்பின் முதல் கட்டம் ரவாங்கிற்கும் சாலாக் செலாத்தானுக்கும் இடையே 2016-இல் தொடங்கியது. இரண்டாம் கட்டம் தெற்கே சிரம்பான் வரையும் மேற்கே கிள்ளான் துறைமுகம் வரையும் நீள்கிறது. முதல் கட்டப் பணிகளின்போது சேவை குறைக்கப்பட்டு, பயணிகள் ஆண்டுக்கணக்கில் அரைமணி நேர இடைவெளியைச் சகித்துக்கொண்டார்கள். அந்தப் பொறுமைக்கு ஈடாக என்ன கிடைத்தது என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

அண்டை நாட்டுப் பாடம்

சிங்கப்பூரில் வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு எம்ஆர்டி தடங்களின் பழைய சமிக்ஞை முறை 2017, 2018 ஆண்டுகளில் மாற்றப்பட்டது. பழைய முறையில் பாதை பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டில் ஒரு ரயில் இருந்தால் அதில் வேறு ரயில் நுழைய முடியாது. புதிய முறையில் ஒவ்வொரு ரயிலும் தான் இருக்கும் இடத்தைக் கம்பியில்லாத் தொடர்பின்வழி தெரிவித்துக்கொண்டே போகும். பின்னால் வரும் ரயில், நிற்கத் தேவையான தூரத்தை மட்டும் விட்டுத் தொடரலாம். இதனால் ரயில்களின் குறைந்தபட்ச இடைவெளி 120 விநாடியிலிருந்து 100 விநாடியாகக் குறைந்தது. கேட்பதற்கு வெறும் 20 விநாடி. ஆனால் மணிக்கு 30 ரயில் என்பது 36 ஆகிறது. புதிய தண்டவாளம் போடாமலே 20 விழுக்காடு கூடுதல் இடம்.

அந்த மாற்றம் வலியில்லாமல் நடக்கவில்லை. பல வார இறுதிகளில் சேவை நேரம் குறைக்கப்பட்டது. 2017 நவம்பரில் ஜூ கூன் நிலையத்தில் இரண்டு ரயில்கள் மோதிப் பலர் காயமடைந்தனர். ரயில் ஓடிக்கொண்டிருக்கும் பாதையில் அதன் மூளையை மாற்றுவது எவ்வளவு நுட்பமான வேலை என்பதற்கு அது சான்று.

விரைவு ரயிலும் சரக்கு ரயிலும் ஓடும் நம் கொமுட்டர் பாதையில் 100 விநாடி இடைவெளியை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சிங்கப்பூரிடமிருந்து நாம் உடனே எடுத்துக்கொள்ளக்கூடிய இன்னொன்று இருக்கிறது. அதற்குக் கோடிகள் தேவையில்லை. அங்கே 2014-இல் பேருந்துச் சேவைகளுக்குக் கூடுதல் காத்திருப்பு நேரம் என்ற அளவுகோலைப் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். அட்டவணைப்படி ஓடினால் பயணி சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருப்பார், உண்மையில் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று பார்த்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிடுகிறார்கள். வித்தியாசம் குறைந்தால் நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை, கூடினால் அபராதம்.

இதன் அருமை என்ன? "இத்தனை விழுக்காட்டு ரயில்கள் சரியான நேரத்தில் ஓடின" என்ற வழக்கமான அளவுகோல், ரயிலை மட்டுமே பார்க்கிறது. கூட்டமில்லாத மதிய நேரத்து ரயிலும், 500 பேர் காத்திருந்த காலை ரயிலும் அதில் சமம். கூடுதல் காத்திருப்பு நேரமோ மனிதர்களைப் பார்க்கிறது. முதலில் சொன்ன எடுத்துக்காட்டில், மணிக்கு நான்கு ரயில் ஓடியது என்று ஓர் அறிக்கை பெருமைப்பட்டுக்கொள்ளலாம். கூடுதல் காத்திருப்பு நேரம் அங்கே நான்கு நிமிடத்தைத் தாண்டிவிட்டது என்ற உண்மையை இந்த அளவுகோல் மறைக்க விடாது.

செய்யக்கூடியவை

முதலாவது, உண்மையான இடைவெளிகளை நிலையவாரியாக, வாரந்தோறும் வெளியிட வேண்டும். ரயில் எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்ற விவரம் கட்டுப்பாட்டு அறையில் எப்படியும் பதிவாகிறது. அதைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைப்பதற்குத் தடையாக இருப்பது மனம் மட்டுமே.

இரண்டாவது, நினைவில் நிற்கும் அட்டவணை. ஒவ்வொரு மணியிலும் 05, 20, 35, 50 என்று ஒரே நிமிடங்களில் ரயில் வந்தால் யாரும் செயலியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை. இணைப்புப் பேருந்துகளையும் அதற்கேற்ப அமைக்கலாம்.

மூன்றாவது, நெருக்கடி நேரத்தில் ஒரு தொடரும் அதற்கான ஓட்டுநரும் நகர மையத்திற்கு அருகே தயாராக நிற்க வேண்டும். எங்காவது பெரிய இடைவெளி விழுந்தால் அந்த ரயிலை நடுவில் நுழைத்து அடைக்கலாம். சும்மா நிற்கும் ரயில் வீண் என்று கணக்காளர் சொல்லலாம். தீயணைப்பு வண்டியும் பெரும்பாலான நேரம் சும்மாதான் நிற்கிறது.

நான்காவது, காலையிலும் மாலையிலும் உச்ச நேரங்களில் நகர மையத்தின் வழியே சரக்கு ரயில்கள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சரக்கு ரயில்கள் கோலாலம்பூரைத் தொடாமல் சிரண்டாவிலிருந்து கிள்ளான் துறைமுகம் போவதற்கான மாற்றுப்பாதை பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. பத்து நிமிடக் கொமுட்டர் சேவை வேண்டுமென்றால் அந்தப் பேச்சு செயலாக வேண்டும்.

பயணிகளான நமக்கும் பங்கு உண்டு. இறங்குபவர்களுக்கு வழிவிட்டு ஏறுவதும், படிக்கட்டுக்கு அருகே உள்ள பெட்டியிலேயே குவியாமல் நடைமேடை நெடுகப் பரவி நிற்பதும் வெறும் ஒழுக்கப் பாடமல்ல. கதவில் மிச்சமாகும் ஐந்து விநாடி, அடுத்த நிலையத்தில் காத்திருப்பவரின் நெரிசலைக் குறைக்கிறது.

"மலேசியர்களுக்குக் கார்தான் பிடிக்கும், எவ்வளவு ரயில் விட்டாலும் ஏறமாட்டார்கள்" என்று சொல்பவர்கள் உண்டு. தைப்பூசத்தின்போது பத்துமலைக்குக் கூடுதல் ரயில்கள் இரவு பகலாக ஓடுகின்றன. மக்கள் காரை வீட்டில் விட்டுவிட்டு அவற்றில் திரண்டு வருகிறார்கள். அடுத்த ரயில் வரும் என்ற நம்பிக்கை இருந்தால் போதும். நம்பிக்கை இல்லாத இடத்தில் கடன் வாங்கியாவது கார் வாங்குகிறார்கள். வாங்க முடியாதவர்களே மிஞ்சுகிறார்கள்: தொழிற்சாலையில் ஏழரைக்கு அட்டை தட்ட வேண்டிய தொழிலாளி, இரவுப் பணி முடித்துத் திரும்பும் தாதி, கல்லூரி மாணவர், மருத்துவமனைச் சந்திப்புக்குப் போகும் முதியவர். ஒரு ரயில் நின்றுபோனால் இவர்களுக்குச் சம்பளத்தில் வெட்டு விழும், அல்லது கடைசிப் பேருந்து போய்விடும். காரில் போகிறவருக்கு இருக்கும் மாற்றுவழி இவர்களுக்கு இல்லை.

புதிய தொடர்களில் முதலாவது வந்து சேரும் நாளில் விழா நடக்கும், ரிப்பன் வெட்டுவார்கள், குளிரூட்டியின் சிறப்பும் இருக்கையின் அழகும் செய்தியாகும். அன்றைக்கு நிருபர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. "கடந்த மாதம் காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை கிள்ளான் நிலையத்தில் இரண்டு ரயில்களுக்கு இடையே இருந்த மிக நீண்ட இடைவெளி எத்தனை நிமிடம்?" இதற்கு உடனே, எண்ணில் பதில் சொல்லக்கூடிய நிர்வாகம் அமைந்துவிட்டால், நெரிசலின் பாதியை அது ஏற்கெனவே தீர்க்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.